தமிழ்வழி, ஆங்கிலவழிப் பிரிவுகளை ஒரே வகுப்பில் நடத்தலாமா? பயிற்றுமொழிக் கொள்கை எழுத ஆலோசனை தேவை

நெல்லை_கணிதம் (கேள்வி)

வணக்கம். தன்னாட்சி பெற்ற அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றுக்காகக் கேட்கிறேன். பி.எஸ்சி. கணிதத்தில் தமிழ்வழி ஒரு பிரிவு, ஆங்கிலவழி ஒரு பிரிவு. தமிழ்வழி உதவிபெறும் பிரிவு (ஆசிரியர் சம்பளம் அரசு தருவது), ஆங்கிலவழி சுயநிதி (மாணவர் கட்டணத்தில் நடப்பது). இரண்டிலும் சேர்க்கை குறைந்துவிட்டது. மேஜர் (முதன்மைப் பாட) தாள்களை ஒரே வகுப்பில் சேர்த்து நடத்தலாமா என்று நிர்வாகம் யோசிக்கிறது. ஆங்கிலவழிப் பிரிவிலும் பாதிக்கு மேல் பிளஸ் டூ வரை தமிழில் படித்தவர்கள்தான். வகுப்பில் எப்படியும் தமிழில்தான் விளக்க வேண்டியிருக்கிறது, பிறகு எதற்கு இரண்டு வகுப்பு என்பது அவர்கள் வாதம்.

அடுத்த அகாடமிக் கவுன்சிலில் வைக்க நான்கு பக்கத்துக்குள் ஒரு பயிற்றுமொழிக் கொள்கை வேண்டும். சேர்த்து நடத்தினால் தமிழ்வழி மாணவர்களின் பி.எஸ்.டி.எம். சான்றுக்கு (தமிழ்வழியில் படித்ததற்கான சான்று) சிக்கல் வருமா? ஆங்கிலவழி மாணவர் தமிழில் தேர்வெழுதலாமா? இருமொழி வினாத்தாளை யார், எப்படித் தயாரிப்பது? கலைச்சொல்லுக்கு எதை அடிப்படையாகக் கொள்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

முன்னாள்_தேர்வாணையர்

சார், எழுத உட்காரும் முன் மூன்றைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தின் இணைவு ஆணையில் அந்தப் பிரிவுக்கு எந்த மொழி போட்டிருக்கிறது என்பது ஒன்று. ஆசிரியர் வகுப்பில் எந்த மொழியில் பேசுகிறார் என்பது இன்னொன்று. மாணவர் விடைத்தாளில் எந்த மொழியில் எழுதுகிறார் என்பது மூன்றாவது. பெரும்பாலான கல்லூரிகளின் கொள்கை ‘இருமொழி முறை பின்பற்றப்படும்’ என்று ஒரே வரியில் இந்த மூன்றையும் கலந்துவிடுகிறது. ஐந்து வருடம் கழித்து அந்த மாணவர் டி.என்.பி.எஸ்.சி. சான்று சரிபார்ப்புக்குப் போய் நிற்கும்போதுதான் அந்த வரியின் விலை தெரியும்.

பி.எஸ்.டி.எம். விஷயம் இதுதான். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணி நேரடி நியமனத்தில் 20 சதவீதம் முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பட்டப்படிப்பு மட்டும் தமிழ்வழி என்றால் போதாது. பள்ளியில் தொடங்கி அந்தப் பதவிக்குக் கேட்கப்படும் கல்வித்தகுதி வரை முழுக்கத் தமிழ்வழியாக இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தகுதி கேட்கும் பதவிக்குப் பள்ளிச் சான்றே போதும். பட்டம் கேட்கும் பதவிக்கு உங்கள் கல்லூரிச் சான்று கட்டாயம். இங்கே கணக்கில் வருவது பயிற்றுமொழி மட்டுமே. ஆங்கிலவழியில் சேர்ந்து தேர்வை மட்டும் தமிழில் எழுதியவருக்கு இந்த ஒதுக்கீடு கிடையாது. இதை மாணவர் சேர்க்கையின்போதே எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். ‘நான் தமிழில்தானே பரீட்சை எழுதினேன்’ என்று வந்து நிற்பவர்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு.

பகுதி ஒன்றில் தமிழ் எடுத்தால் தமிழ்வழி ஆகிவிடும் என்ற தவறான எண்ணமும் இருக்கிறது. பகுதி ஒன்று மொழிப்பாடம். பயிற்றுமொழிக்கு அது ஆதாரம் ஆகாது. அதேபோலப் பகுதி இரண்டு ஆங்கிலம் எல்லாருக்கும் ஆங்கிலத்தில்தான் நடக்கும், அதனால் தமிழ்வழிச் சான்றுக்குப் பாதகம் இல்லை.

சேர்த்து நடத்துவது பற்றி: என் கருத்து, வேண்டாம். தமிழ்வழி மாணவர் ஆங்கிலவழி வகுப்பில் உட்கார்ந்து, ஆங்கில ஸ்லைடு பார்த்துப் படித்தார் என்று கால அட்டவணையே சொல்லும். அதன்மேல் முதல்வர் ‘முழுக்கத் தமிழ்வழியில் பயின்றார்’ என்று கையெழுத்துப் போட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒருவர் கால அட்டவணை கேட்டால் அந்தக் கையெழுத்துக்கு யார் பதில் சொல்வது? போலிச் சான்றுப் புகார்கள் நீதிமன்றம் வரை போனபிறகு சரிபார்ப்பு முன்போல மேலோட்டமாக நடப்பதில்லை.

இன்னொன்று, நிர்வாகம் யோசித்திருக்காது. உதவிபெறும் பிரிவின் ஆசிரியப் பணியிடம் பணிப்பளுவை வைத்துத்தான் நிற்கிறது. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் கணக்கு. தமிழ்வழி வகுப்பைச் சுயநிதி வகுப்போடு இணைத்துவிட்டால் அடுத்த பணியிட ஆய்வில் கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநர் அலுவலகம் ‘இத்தனை மணி நேரம் உபரி’ என்று எழுதும். காலியிடம் நிரப்ப அனுமதி கிடைக்காது. சுயநிதி மாணவருக்கு உதவிபெறும் ஆசிரியர் பாடம் எடுத்த நேரம் அந்தக் கணக்கில் ஏறவும் ஏறாது. ஒரு வகுப்பறையை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு பணியிடத்தை இழப்பார்கள்.

ஆய்வகம்

தேர்வாணையர் ஐயா சொன்ன சட்டப் பக்கம் சரி. ஆனால் ‘வேண்டாம்’ என்று முழுக்க மூட வேண்டியதில்லை. வாரம் 30 மணி நேர அட்டவணையில் ஒரு மேஜர் தாளுக்கு 5 மணி என்று வையுங்கள். கோட்பாடு, தேற்ற நிரூபணம் வரும் 3 மணி தனித்தனி. கணக்குப் போடும் 2 மணியைப் பயிற்சி வகுப்பு என்று பெயரிட்டுச் சேர்த்து வைக்கலாம். பலகையில் இருப்பது குறியீடும் சமன்பாடும்தான், அதில் மொழிச் சுமை குறைவு. அந்த வகுப்பைத் தமிழில் நடத்தி, ஆங்கிலவழி மாணவருக்கு ஆங்கிலக் குறிப்பு கொடுங்கள். திசை இதுதான் இருக்க வேண்டும். தலைகீழாகப் போனால் ஐயா சொன்ன சிக்கல் வரும். ஆங்கிலவழி மாணவரில் தமிழ் புரியாதவர் எவராவது இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். குமரி, ஓசூர் பக்கக் கல்லூரிகளில் மலையாளம், தெலுங்கு, கன்னடம் வீட்டுமொழியாக உள்ளவர்கள் இருப்பார்கள். அப்படி ஒருவர் இருந்தாலும் சேர்ந்த வகுப்பு அவருக்கு அநியாயம்.

கலைச்சொல்லில் நான் கண்டிப்பு. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் எந்தச் சொல் இருக்கிறதோ அதுவே முதல் அடிப்படை. மாணவர் தலையில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் சொல் அது. அங்கே இல்லாவிட்டால் அரசின் கலைச்சொல் தளமான சொற்குவை, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் கலைச்சொல் தொகுப்பு. அங்கேயும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள், துறைக்குள் உட்கார்ந்து புதுச்சொல் படைக்க வேண்டாம். ஒரு அலகுக்கு முப்பது நாற்பது சொல்லுக்கு மேல் வராது. அலகு தொடங்கும் நாளிலேயே ஒரு தாளில் அடித்துக் கொடுத்துவிடலாம்.

இலங்கைத் தமிழ் நூல்களையும் இணையத்தில் எடுத்து வாசிக்கிறார்கள். நல்ல நூல்கள்தான், ஆனால் எச்சரித்துக் கொடுங்கள். நம் நூலில் ‘வேகம்’ திசையற்றது, திசை சேர்ந்தால் ‘திசைவேகம்’. அவர்கள் நூலில் திசையற்றது ‘கதி’, திசையுள்ளதே ‘வேகம்’. நம் ‘முடுக்கம்’ அங்கே ‘ஆர்முடுகல்’, நம் ‘அணி’ அங்கே ‘தாயம்’, நம் ‘வகைக்கெழு’ அங்கே ‘பெறுதி’. மற்றவை புரியாமல் போனால் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். ‘வேகம்’ புரிந்தமாதிரியே இருந்து தப்பாகப் புரியும், அதுதான் ஆபத்து.

பாடநூல் இல்லை என்ற புலம்பல் பாதிதான் உண்மை. 1960-இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்ட வகுப்பு சோதனையாகத் தொடங்கியபின், தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிப் பாடங்களுக்கு ஏராளமான நூல்களைத் தமிழில் வெளியிட்டது. பலவற்றின் மின்படிவம் தமிழ் மின் நூலகத்தில் இருக்கிறது. பகுமுறை வடிவியல், நுண்கணிதம், நிலையியல் போன்றவை இன்றும் பயன்படும். அலகு முறையையும் கலைச்சொல்லையும் மட்டும் இப்போதைய பாடநூலோடு ஒப்பிட்டுத் திருத்திக் கொடுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்பதால் ‘லை’, ‘ணை’, ‘றா’ எல்லாம் பழைய வடிவில் இருக்கும். மாணவருக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும். படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி மென்பொருளுக்குத்தான் பழகாது, வரிக்கு வரி தடுக்கும்.

எழுத்துரு

வினாத்தாள் பகுதிக்கு நான் வருகிறேன். பெரும்பாலும் சண்டை வருவது அங்கேதான்.

முதல் விதி: வினா அமைப்பவரே இரண்டு மொழியிலும் அமைக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒருவர் அமைத்து, உறையைப் பிரித்து இன்னொருவரிடம் மொழிபெயர்க்கக் கொடுத்தால் வினாத்தாளைப் பார்த்தவர் எண்ணிக்கை ஒன்று கூடுகிறது. அதைவிட மோசம், அவசரத்தில் இணைய மொழிபெயர்ப்பானில் ஒட்டுவது. தேர்வுக்கு முந்தைய வினாத்தாளை வெளிச் சேவையகத்தில் ஏற்றுவதைக் கொள்கையிலேயே தடை செய்யுங்கள். ரகசியத்தை விடுங்கள், வரும் தமிழைப் பாருங்கள்: ‘ஸ்டேட் அண்ட் புரூவ்’ என்பதை ‘மாநிலம் மற்றும் நிரூபி’ என்று மாற்றித் தேற்றத்தைக் கேட்கும். தளத்தின் (பிளேன்) சமன்பாட்டைக் காண்க என்பது ‘விமானத்தின் சமன்பாடு’ ஆகும். குலத்தின் வரிசை (ஆர்டர்) ‘கட்டளை’ ஆகும், பல்லுறுப்புக் கோவையின் படி (டிகிரி) ‘பட்டம்’ ஆகும்.

மனிதர் மொழிபெயர்த்தாலும் வழுக்கும் இடங்கள் உண்டு. கணிதத்தில் முதல் இடம் ‘ஒவ்வொரு’, ‘ஏதேனும் ஒரு’ இரண்டின் வரிசை. ‘ஒவ்வொரு எப்சிலானுக்கும் ஒரு டெல்டா உண்டு’ என்பதும் ‘எல்லா எப்சிலானுக்கும் பொருந்தும் ஒரு டெல்டா உண்டு’ என்பதும் ஒன்றல்ல. முதலாவது தொடர்ச்சியின் வரையறை, இரண்டாவது வேறு கூற்று. தமிழில் வினை கடைசியில் வருவதால் வாக்கியத்தை அழகாக்குகிறேன் என்று சொல்லை முன்பின் நகர்த்தினாலே பொருள் மாறிவிடும். அடுத்தது ‘இருந்தால்’, ‘இருந்தால் மட்டுமே’. இரண்டு பக்கமும் நிரூபிக்கச் சொல்லும் வினாவில் ‘இருந்தால், இருந்தால் மட்டுமே’ என்று இரண்டையும் எழுத வேண்டும். ஒன்று விழுந்தால் மாணவர் பாதி நிரூபித்துவிட்டு முழு மதிப்பெண் கேட்பார், கேட்பது நியாயமும்கூட. ஒரு மதிப்பெண் வினாவில் ‘எது சரியன்று’ என்பதில் அந்த ‘அன்று’ கண்ணில் படாது, தடித்த எழுத்தில் போடுங்கள்.

சரிபார்க்க நல்ல வழி: ஆங்கில வடிவத்தைப் பார்க்காத ஒரு ஆசிரியரிடம் தமிழ் வடிவத்தை மட்டும் கொடுத்து விடைக்குறிப்பு எழுதச் சொல்லுங்கள். அவர் விடையும் அமைத்தவரின் விடையும் ஒத்துப்போனால் வினா சரி. இதை ஒவ்வொரு பருவமும் ரகசியம் காத்துச் செய்ய முடியாது. அதனால் வினா வங்கியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளுக்கு 75 மதிப்பெண் அமைப்பு, அதாவது 2 மதிப்பெண் பத்து, 5 மதிப்பெண் ஐந்து, 10 மதிப்பெண் மூன்று என்றால், அதைப்போல ஐந்து மடங்கு வினாக்கள் முன்கூட்டியே இருமொழியில் சரிபார்த்து வங்கியில் இருக்கட்டும். தேர்வு வரும்போது அதிலிருந்து எடுப்பது மட்டும்தான் வேலை.

அச்சில்: ஒவ்வொரு வினாவுக்கும் ஆங்கிலம் மேலே, தமிழ் கீழே, அதே எண். ஆங்கிலத் தாள் தனி, தமிழ்த் தாள் தனி என்று அடித்தால் ஒன்றில் திருத்தம் செய்து மற்றதில் விட்டுவிடுவார்கள். இரண்டு பக்கம் நான்கு பக்கமாகும், பரவாயில்லை. சமன்பாட்டை இரண்டு முறை அடிக்காதீர்கள், ஒருமுறை அடித்து இரண்டு மொழிக்கும் பொதுவாக நடுவில் வையுங்கள். பிழை பாதியாகக் குறையும்.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் வரும் கோப்பை வாங்கவே வாங்காதீர்கள். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுவிட்டது. பழைய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முழுத் தாளும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும், அச்சகத்தில் இரவு பதினொரு மணிக்குத் தெரியும். கணித அச்சுக்கான லேடெக் மென்பொருளில் அடிப்பவர்கள் அதன் சீலேடெக் வடிவத்தைப் பயன்படுத்தட்டும். லூவாலேடெக் என்றால் எழுத்துரு அமைப்பில் ஹார்ஃப்பஸ் ரெண்டரரை (எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் நிரல்) குறிப்பிட வேண்டும், இல்லையென்றால் ‘கெ’, ‘கொ’வில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பி.டி.எஃப். ஆக்கும்போது எழுத்துரு உள்ளே பதிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, இரண்டு வடிவமும் முரண்பட்டால் எது செல்லும் என்று முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். ‘ஆங்கில வடிவமே இறுதியானது’ என்று போடுவது வழக்கம். தமிழ்வழித் தாளில் அப்படிப் போடுவது எனக்கு ஒப்பவில்லை. தமிழில் படித்தவர் தமிழ் வினாவை நம்பித்தானே எழுதுவார்? முரண்பட்டால் எந்த வடிவத்துக்கு எழுதிய சரியான விடைக்கும் முழு மதிப்பெண் என்று போடுங்கள். துறைக்குச் செலவு ஒன்றுமில்லை.

கிண்டி_வழி

பொறியியலிலிருந்து ஒரு சேர்க்கை. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ்வழியில் தொடங்கியது. 2021-இல் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) பல இந்திய மொழிகளில் பொறியியல் நடத்த அனுமதி கொடுத்தது. ஆரவாரம் எல்லாம் முதலாண்டுப் புத்தகத்தை மொழிபெயர்ப்பதில் இருந்தது. சிரமமோ மூன்றாம் ஆண்டில்தான் தெரியும்: தரக்குறியீட்டு ஆவணங்கள், மென்பொருள், பொருள் பட்டியல், பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வு, வளாக நேர்காணல் எல்லாம் ஆங்கிலம். கணிதத்துக்கும் அதேதான், ஐ.ஐ.டி. போன்றவற்றின் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வான ஜாம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. ஆகவே தமிழ்வழிக் கொள்கையில் ஆங்கிலத்துக்கும் ஒரு பத்தி வேண்டும். மூன்றாம் பருவத்திலிருந்து ஒவ்வொரு தாளிலும் ஒரு அலகுக்கு ஆங்கில நூலிலிருந்து இரண்டு பக்கம் வாசிக்க வைத்து, அக மதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணில் 5 அதற்கு ஒதுக்கலாம். விடையைத் தமிழிலேயே எழுதட்டும். வாசிக்கத் தெரிந்தால் போதும்.

நெல்லை_கணிதம்

எல்லாருக்கும் நன்றி. பயிற்சி வகுப்பை மட்டும் சேர்ப்பது என்ற யோசனை நிர்வாகத்துக்கும் பிடிக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு சந்தேகம் மிச்சம். 2023-இல் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) தமிழில் தேர்வெழுத அனுமதித்துவிட்டது, எனவே ஆங்கிலவழியும் தமிழ்வழியும் இனி ஒன்றுதான் என்கிறார் ஒரு மூத்த பேராசிரியர். அப்படியா? இன்னொன்று, ஆங்கிலவழியில் சேர்ந்துவிட்டு ஒரு பருவம் கழித்துத் தமிழ்வழிக்கு மாறக் கேட்கிறார்கள். அனுமதிக்கலாமா?

கேப்_முனை

வெளியிலிருந்து ஒரு தகவல், உங்கள் நிர்வாகத்திடம் செலவு பேசும்போது உதவும். தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கான்ஸ், ஆங்கிலம் இரண்டிலும் தனித்தனி வகுப்பு, இருமொழி கலந்த வகுப்பு, காதில் கருவி மாட்டி உடனடி மொழிபெயர்ப்பு என்று எல்லாவற்றையும் செய்து பார்த்தார்கள். 2016 கொள்கையில் ஆங்கிலத்துக்கு முதலிடம் போனது. அதை எதிர்த்த வழக்கு அரசமைப்பு நீதிமன்றம் வரை போய் 2019-இல் பல்கலைக்கழகத்துக்குச் சாதகமாக முடிந்தது. விரும்பும் மொழியில் கல்வி பெறும் உரிமை அந்த நாட்டு அரசமைப்பின் 29ஆம் பிரிவில் இருக்கிறது, ஆனால் ‘நியாயமாகச் சாத்தியப்படும் இடத்தில்’ என்ற நிபந்தனையோடு. முழு இரட்டை வகுப்புக்கு ஆகும் கட்டடச் செலவும் ஆள் செலவும் அந்த வழக்கில் பெரிதாகப் பேசப்பட்டது. கலந்த வகுப்பில் ஆப்பிரிக்கான்ஸ் புரியாத கறுப்பின மாணவர்கள் ஒதுக்கப்பட்டதும் அதே அளவு பேசப்பட்டது. ‘ஆய்வகம்’ சொன்னமாதிரி, கலந்த வகுப்பில் யார் புரியாமல் உட்கார்ந்திருக்கிறார் என்பதை முதலில் எண்ண வேண்டும்.

முன்னாள்_தேர்வாணையர்

பேராசிரியர் சொல்வது சரியல்ல சார். 2023 ஏப்ரலில் யு.ஜி.சி. கேட்டுக்கொண்டது, பாடம் ஆங்கிலவழியாக இருந்தாலும் மாணவர் உள்ளூர் மொழியில் தேர்வெழுத அனுமதிக்கும்படி பல்கலைக்கழகங்களை. தேர்வு மொழி பற்றியது அது, பயிற்றுமொழியை மாற்றவில்லை. உங்கள் கொள்கையில் ‘ஆங்கிலவழி மாணவர் தமிழில் விடையளிக்கலாம். இது அவரது பயிற்றுமொழியை மாற்றாது. தமிழ்வழிச் சான்றுக்கு உரிமை அளிக்காது’ என்று மூன்று வாக்கியமாகப் போடுங்கள். ஒரே தாளுக்குள் பாதி வினா தமிழ், பாதி ஆங்கிலம் என்று எழுத விடாதீர்கள். தேர்வு விண்ணப்பத்திலேயே தாள்வாரியாக மொழியைக் குறிக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணிக்கை இல்லாமல் விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு எத்தனை பேரை அழைப்பது என்றே தெரியாது. தமிழ் விடைத்தாள்கள் தனிக் கட்டாகப் போக வேண்டும், கேரளத்திலிருந்தோ ஆந்திரத்திலிருந்தோ வரும் புறத்தேர்வாளர் மேசைக்குப் போய்விடக் கூடாது.

தமிழ் விடைக்குள் ஆங்கிலக் கலைச்சொல் எழுதினால் மதிப்பெண் குறைக்கக் கூடாது என்பதையும் திருத்துவோருக்கான குறிப்பில் சேர்த்துவிடுங்கள். சிலர் குறைக்கிறார்கள். கணிதத் தாள் தமிழ் இலக்கணத் தாள் அல்ல.

மாற்றம் கேட்பவர்களுக்கு: முதல் பருவச் சேர்க்கை முடியும் தேதிக்குள் மட்டும், தமிழ்வழியில் காலியிடம் இருந்தால். அதற்குப் பிறகு அனுமதித்தால் ஒரு பருவம் ஆங்கிலவழி, மீதி தமிழ்வழி ஆகிவிடும். சட்டம் முழுக்கத் தமிழ்வழி என்கிறது, அந்த மாணவருக்குச் சான்று கொடுக்க முடியாது. பெரும்பாலானவர் கேட்பதே சான்றுக்காகத்தான். வருகைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் மூன்றிலும் பயிற்றுமொழி ஒரே மாதிரி இருக்கட்டும். மாற்றுச் சான்றிதழில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடும் பழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. இந்த வருடமே பிரிவு எழுத்தரைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.